தன் பெயரைத் தானே அழைக்கும் மேக்ரோ

அசெம்ப்ளி நிரலை ரசிக்கப் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது 'எக்ஸ்86இன்க்' என்ற கோப்பு. எக்ஸ்264 வீடியோ என்கோடருக்காக எழுதப்பட்டது, எஃப்எஃப்எம்பெக்கிலும் இருக்கிறது. அதில் 'ஆட்' என்ற பெயரில் ஒரு மேக்ரோ உண்டு. ஆட் என்பது ப்ராசஸரின் சொந்தக் கூட்டல் கட்டளை. அதே பெயரை மேக்ரோவுக்கும் வைத்து, அதன் உடலுக்குள்ளும் 'ஆட்' என்றே எழுதியிருக்கிறார்கள். உள்ளே இருப்பது யார்? ப்ராசஸரின் கட்டளை என்றால் சரி. மேக்ரோ என்றால் அது விரிந்து, அதற்குள் இன்னொன்று விரிந்து, முடிவே இல்லாமல் போகும். கட்டளையை மறுவரையறை செய்யும் எந்த மேக்ரோவைப் படித்தாலும் இந்த ஒரு கேள்வியோடு படியுங்கள்.

இந்த மேக்ரோ எதற்கு என்பதே அழகானது. எக்ஸ்86 கட்டளையில் கூட்ட வேண்டிய எண் −128 முதல் 127 வரை இருந்தால் ஒரு பைட்டில் அடங்கும். 128 மயிரிழையில் அதைத் தாண்டிவிடுவதால் நான்கு பைட் கேட்கிறது. ஆனால் 128-ஐக் கூட்டினாலும் −128-ஐக் கழித்தாலும் விடை ஒன்றுதான். −128 ஒரு பைட்டில் அடங்கிவிடும். ஆகவே வந்த எண் 128 ஆக இருந்தால் மேக்ரோ அதை 'சப்' என்ற கழித்தல் கட்டளையாக மாற்றுகிறது. வேறு எது வந்தாலும் வந்தபடியே விட்டுவிடுகிறது. ஆர்ஏஎக்ஸ் சுட்டும் மெமரியில் உள்ள 32 பிட் எண்ணோடு 128-ஐக் கூட்டிப் பாருங்கள். நேரடி வடிவம் ஹெக்ஸில் 81 00 80 00 00 00. மேக்ரோ வழியாக வந்தால் 83 28 80. ஆறு பைட் மூன்றாகிவிட்டது!

சப் கட்டளைக்கும் இதே மாதிரி ஒரு மேக்ரோ இருக்கிறது; 128-ஐக் கழிக்கச் சொன்னால் அது −128-ஐக் கூட்டும். ஆட் மேக்ரோ சப்பைக் கூப்பிடுகிறது, சப் மேக்ரோ ஆட் என்கிறது. இரண்டும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே இருக்காதா? இருக்காது. இரண்டுமே 128-ஐ மட்டும்தான் பிடிக்கின்றன. ஒருமுறை கைமாறியதும் எண் −128 ஆகிவிடுவதால் அடுத்த மேக்ரோ அதைத் தடுக்காமல் விடுகிறது. இந்தக் கோப்பில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

விலையும் உண்டு. விடை மாறாவிட்டாலும் கேரி ஃப்ளாக் தலைகீழாகிவிடும். அடுத்த வரி கேரியை நம்பியிருந்தால் கணக்கு தவறும். மேக்ரோவை ரசிக்கிறவர் அடுத்த வரியையும் பார்த்தாக வேண்டும்.

எக்ஸ்86இன்க் இவ்வளவு நிம்மதியாக எழுதப்பட்டதற்குக் காரணம் நாஸ்ம் அசெம்ப்ளர். ஒரு மேக்ரோ விரிந்துகொண்டிருக்கும்போது அதன் பெயர் உள்ளே மறுபடி வந்தால், நாஸ்ம் அதை மேக்ரோவாக எடுத்துக்கொள்ளாது, கட்டளையாகவே விட்டுவிடும். ப்ரீப்ராசஸ் மட்டும் செய்யச் சொல்லி ஓட்டினால் விரிந்த வரிகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். தோமாஷ் கிரிஷ்டார் எழுதிய ஃபாஸ்ம் இன்னும் ஒரு படி மேல். அங்கே மேக்ரோவுக்குள் வரும் அதே பெயர், அதற்கு முன்பு இருந்த பொருளைக் குறிக்கும். அதனால் ஒரே கட்டளையின் மேல் மேக்ரோக்களை அடுக்கடுக்காக ஏற்றலாம். 'பர்ஜ்' என்றால் மேலே இருப்பது மட்டும் உதிரும்.

ஜிஎன்யு அசெம்ப்ளரில் இந்தச் சலுகை இல்லை. உள்ளே இருப்பதும் மேக்ரோவேதான். விரிந்துகொண்டே போய், மேக்ரோக்கள் அளவுக்கு மீறி ஆழமாகிவிட்டன என்ற பிழையோடு நிற்கும். அதனால் கைவேலை தேவைப்படுகிறது. மேக்ரோவின் முதல் வரி 'பர்ஜெம்' சொல்லித் தன்னையே அழிக்கும். இப்போது அந்தப் பெயர் ப்ராசஸருக்கு மட்டும் சொந்தம், ஆகவே இரண்டாம் வரியில் அசல் கட்டளை. மூன்றாம் வரி இன்னொரு மேக்ரோவைக் கூப்பிடும்; அதன் ஒரே வேலை முதல் மேக்ரோவை மறுபடி வரையறுப்பது. இதைப் படிக்கும்போது முதல் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் நடுவில் 'எக்ஸிட்எம்' ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த வழியாக வெளியேறிய மேக்ரோ திரும்பி வராது. அதற்குப் பிறகு கோப்பு முழுவதும் அசல் கட்டளையோடுதான் அசெம்பிள் ஆகும். பிழைச் செய்தி எதுவும் வராது, லிஸ்டிங்கில் பைட்டுகளைப் பார்த்தால்தான் தெரியும்.