சர்வர் பக்கத்தில் உரைத்தொகுப்பி: 'ஸ்ரீரங்கம்' என்ற சொல்லை முன்வைத்து

உரைத்தொகுப்பி என்பது இணையப் பக்கத்துக்குள்ளேயே எழுதவும், தலைப்பு, தடித்த எழுத்து, இணைப்பு ஆகியவற்றை இடவும் உதவும் மென்பொருள் கூறு. குவில், டிப்டாப், சிகேஎடிட்டர் ஆகியவை பரவலாகப் பயன்படுபவை. இவை உலாவிக்குள்தான் இயங்கும். நெக்ஸ்ட்.ஜேஎஸ் போன்ற சட்டகங்களோ பக்கத்தை முதலில் சர்வரில் உருவாக்கி அனுப்புகின்றன. சர்வரில் திரையும் இல்லை, தட்டச்சு செய்பவரும் இல்லை. அதனால் குவிலைச் சேர்க்கும் மாணவர் பலரும் முதலில் காண்பது 'டாக்குமென்ட் வரையறுக்கப்படவில்லை' என்ற பிழைச்செய்தியை.

அந்தக் கூறுக்கு மட்டும் சர்வர் உருவாக்கத்தை நிறுத்திவிடுவது வழக்கமான தீர்வு. அது சரியானதே. ஆனால் பயிற்சிப் பாடங்கள் பலவும் அத்துடன் முடிந்துவிடுகின்றன. எழுதிய உரை சர்வருக்குத் திரும்பும்போது என்ன ஆகிறது என்பதை அவை தொடுவதில்லை. தமிழில் எழுதுபவரைப் பாதிப்பது அந்த இடம்தான்.

திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் பற்றிய தகவல் தளம் ஒன்றை மாணவர்கள் கூடி எழுதுவதாகக் கொள்ளலாம். 'ஸ்ரீரங்கம்' வாசகருக்கு 5 எழுத்து. யூனிகோடில் அது 10 குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் 30 பைட்டுகள். 'திருச்சிராப்பள்ளி' 9 எழுத்து, 17 குறியீடு, 51 பைட்டு. தொகுப்பி குறியீடுகளையும் சர்வர் பைட்டுகளையும் எண்ணினால், உலாவி ஏற்ற தலைப்பைச் சர்வர் மறுக்கும், அல்லது நடுவில் வெட்டிவிடும்.

இன்னொரு சிக்கல் 'ஸ்ரீ'. இதை 'ஸ' கொண்டும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ' கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 'கொ' போன்ற எழுத்துகளின் இருவகைக் குறியீடுகளை யூனிகோடின் என்எஃப்சி முறை ஒன்றாக்கிவிடும். 'ஸ்ரீ'யின் இரு வடிவங்களை அது ஒன்றாக்குவதில்லை. ஆகவே ஒருவர் எழுதிய ஸ்ரீரங்கம் கட்டுரை மற்றவரின் தேடலில் சிக்காமல் போகலாம். எந்த விசைப்பலகையிலிருந்து உரை வந்தாலும் ஒரே வடிவுக்கு மாற்றுவது சர்வரின் வேலை. ஆபத்தான நிரல்களை நீக்குவதும் அப்படியே. உலாவியில் செய்யும் சோதனையை எவரும் தாண்டிவிடலாம்.

தமிழ் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி, பக்கங்களைச் சர்வரில் உருவாக்கும் மென்பொருள். அதன் காட்சித் தொகுப்பி 2013 ஜூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் இயல்பு நிலையாக்கப்பட்டது. மெதுவாக இயங்குகிறது, விக்கி உரையைச் சிதைக்கிறது என்று பயனர்கள் எதிர்த்ததால் செப்டம்பரில் விருப்பத் தேர்வாக மாறியது. பார்சாய்ட் என்ற இடைநிலை மென்பொருள், திருத்தப்பட்ட பகுதியை மட்டும் விக்கி உரையாக மாற்றி, மற்றதைத் தொடாமல் விடுகிறது. மாணவர் திட்டங்களில் அதிகம் காணாத கவனம் இது. பழைய எளிய உரைப்பெட்டியையும் விக்கிப்பீடியா கைவிடவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேராத கைப்பேசியிலும் அதில் எழுதிச் சேமிக்க முடியும். சர்வர் உருவாக்கத்தை நிறுத்திவிட்டு வெற்றிடத்தில் 'ஏற்றப்படுகிறது' என்று மட்டும் காட்டும் பக்கத்தில் அது முடியாது.