ஆண்டானா, ஏவலாளா? — பிறமொழிக் கல்வியில் கணினி

மொழியாசிரியரின் கைக்குப் புதியதொரு கருவி வருந்தோறும் பழையதொரு வினாவும் உடன்வருதல் இயல்பு. 'இக்கருவி ஆசிரியரை வெல்லுமா?' என்பதே அவ்வினா. ஒலிநாடா வந்தபோதும் அது எழுந்தது. மொழிப் பயிற்சிக்கூடம் வந்தபோதும் எழுந்தது. கணினி வந்தபின்னர் அதுவே ஆய்வுலகின் முதல் வினாவாயிற்று. அறுபதாண்டுகளுக்கும் மேலாக நிகழ்ந்துவரும் அவ்வாய்வுகளைத் தொகுத்து நோக்குவார்க்கு, விடையினும் வினாவே குறையுடையது என்பது புலனாகும்.

தொடக்கநிலை ஆய்வுகள்

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960இல் 'பிளேட்டோ' என்னும் கணினிவழிக் கல்வித் திட்டம் தொடங்கப்பெற்றது. காலப்போக்கில் ரஷ்யம், பிரெஞ்சு, இலத்தீன் முதலிய மொழிகளுக்கு அதன்வழிப் பாடங்கள் அமைந்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1967இல் ஜோசப் வான் கேம்பன் தொடக்கநிலை ரஷ்ய மொழியைக் கணினிவழிக் கற்பிக்கும் முயற்சியை மேற்கொண்டார். வழக்கமான வகுப்பாசிரியர் அங்கில்லை. மாணவர் வாரத்தில் ஐந்து நாளும் ரஷ்ய எழுத்துகள் பொறித்த தட்டச்சு முனையத்தின்முன் அமர்ந்து, வினாக்களுக்கு விடை அடித்தனர். வழக்கமான வகுப்பினரோடு ஒப்பிட்டபோது, இவர்களுள் இடைநின்றோர் குறைவு. தேர்வில் நேர்ந்த பிழைகளும் குறைவு.

கணினிக்கு இது வெற்றி என்று கூறினர். ஆயின், ஆழ்ந்து நோக்கின் ஓர் ஐயம் எழாமற்போகாது. வகுப்பறையில் இருபது மாணவர்க்கு ஒருவினா என்றால், விடை கூறும் வாய்ப்பு ஒருவர்க்கே கிட்டும். முனையத்தின்முன் அமர்ந்த மாணவரோ ஒவ்வொரு வினாவிற்கும் தாமே விடையளித்தாக வேண்டும். எனவே, வென்றது பொறியா, நாள்தோறும் நிகழ்ந்த பயிற்சியா? இவ்விரண்டையும் பிரித்தறிய அவ்வொப்பீடு இடந்தரவில்லை.

இக்குறையைக் கல்வியாய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983இல் பொதுநிலையில் சுட்டிக்காட்டினார். உணவுப்பொருளை ஏற்றிவரும் வண்டி உண்பவரின் உடல்நலத்தை மாற்றுவதில்லை. அதுபோல, பாடத்தை ஏற்றிவரும் கருவியும் கற்றலை மாற்றுவதில்லை என்பது அவர்தம் வாதம். மாற்றுவது கற்பிக்கும் முறையே என்க. இவ்வாதத்தை முற்றும் ஏலாதாரும் உளர். ஆயினும், பொறியையும் ஆசிரியரையும் எதிரெதிர் நிறுத்தும் ஒப்பீட்டின் வலுவின்மையை அது வெளிப்படுத்திவிட்டது.

பாத்திர மாற்றம்

அதே 1983இல், ஜான் ஹிக்கின்ஸ் வேறொரு வழியில் சிந்தித்தார். அவர் இருவகை ஆசான்களை உருவகப்படுத்தினார். ஒருவர் மேடைமேல் நின்று, பாடத்தின் வரிசையை வகுத்து, சரி தவறு உரைக்கும் 'மாஜிஸ்டர்'. மற்றவர் பண்டைக் கிரேக்கச் செல்வர் மகன்பின் நடந்து, கேட்டால் மட்டும் விடையளிக்கும் அடிமையாகிய 'பெடகாக்'. முன்னவர் ஆண்டான், பின்னவர் ஏவலாள். கணினிக்கு இதுகாறும் ஆண்டான் வேடம் அணிவித்தது பிழை. ஏவலாள் வேடமே பொருந்துவது என்றார் ஹிக்கின்ஸ்.

அவ்வேவலைச் செம்மையாகப் பயன்கொண்டவர் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் டிம் ஜான்ஸ். 'கன்வின்ஸ்', 'பர்சுவேட்' என்னும் ஆங்கிலச் சொற்களின் வேறுபாடு யாது என வினவிய அயல்நாட்டு மாணவர்க்கு அவர் இலக்கண விதியை உரைத்திலர். அச்சொற்கள் உண்மை வழக்கில் பயிலும் வரிகளைக் கணினியால் திரட்டி, அவர்கள்முன் அடுக்கினார். வரிகளை ஒப்பிட்டு, வேறுபாட்டை மாணவர் தாமே கண்டனர். இங்கே கணினி கற்பிக்கவில்லை, சான்று கொணர்ந்தது. எந்தச் சான்று பயன்படும், எவ்வளவு போதும் எனத் தெரிந்தவர் ஆசிரியரே.

எண்ணிக்கையும் செம்மையும்

ரிச்சர்ட் கெர்ன் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பிரெஞ்சு மாணவரிடையே நிகழ்த்தி, 1995இல் வெளியிட்ட ஆய்வு தனிச்சிறப்புடையது. கணினிவலை மூலம் எழுதி உரையாடியபோது, மாணவர் பங்கேற்ற முறைகள் வாய்மொழிக் கலந்துரையாடலைவிட இருமடங்கிற்கும் மேலாயின. ஆயின், இலக்கணச் செம்மைக்கு அம்முறை துணைசெய்யவில்லை என்பதனையும் கெர்ன் மறையாது உரைத்தார். நாவிற்குத் துணிவு தந்த கருவி, நடைக்குச் செம்மை தரவில்லை. இரண்டையும் இணைக்கும் பணி வகுப்பறையில் எஞ்சி நிற்கிறது.

இங்குதான் ஆய்வுலகு மீது ஒரு குறை கூறவேண்டியுள்ளது. மேற்கண்ட மூன்று மொழியாய்வுகளிலும் கற்றோர் பல்கலைக்கழக மாணவர். தாமே விரும்பிக் கற்கும் வளர்ந்தவர்க்குப் பொருந்தும் முடிவு, தொடக்கப்பள்ளிச் சிறாருக்கும் பொருந்தும் எனக் கொள்வது ஆய்வு நெறியாகாது. ஏவலாளை ஏவத் தெரிந்தவர்க்கே ஏவலாள் பயன்படுவான். கேட்க வேண்டிய வினாவையே அறியாத சிறுவனுக்கு யார் துணை?

2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' வெளிவந்தபின், இவ்வினா மேலும் கூர்மையடைந்துள்ளது. இன்றைய பொறி உரையாடுகிறது, திருத்துகிறது, விளக்குகிறது. பிழையான விளக்கத்தையும் பிழையற்ற விளக்கத்தையும் ஒரே உறுதியோடு கூறுகிறது. ஏவலாள் உடையிலேயே ஆண்டான் மீண்டும் அமர்ந்துவிட்டான் எனலாம். மொழியை நன்கறிந்தார் அப்பிழையைக் காண்பர். கற்கத் தொடங்கியோர் காணார்.

ஆகவே, 'பொறியா, ஆசிரியரா?' என்னும் வினாவை விடுத்து, 'எம்மாணவனுக்கு, எப்பணியில், யார் மேற்பார்வையில்?' என்னும் வினாவை எழுப்புதலே இனிச் செய்யத்தக்கது. அதற்கு விடைகாணப் பல்கலைக்கழக ஆய்வாளர் மட்டும் போதார். பின்வரிசையில் வாய்திறவாது அமர்ந்திருக்கும் மாணவனை நாள்தோறும் காணும் வகுப்பாசிரியரும் ஆய்வாளராதல் வேண்டும். வண்டி எத்துணை விரைவாயினும், செல்லும் ஊரை அறிந்தவர் ஒருவர் அதில் இருந்தாக வேண்டும்.