பூங்குழலியின் துடுப்பு

கடற்பயணம், ஒற்று, மந்திரவாதம், மெல்லக் கனியும் காதல் ஆகிய யாவும் ஒருங்கே அமைந்த நாவல் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ (1950–54). அதில் ரவிதாஸனின் மந்திரவாதம் பாண்டிய ஆபத்துதவிகளின் சதிக்கு முகமூடி மட்டுமே. மாயத்தின் பின்னே அரசியலைக் காட்டிய கல்கியின் நோக்கு இவ்விடத்தில் யதார்த்தமானது. குந்தவை–வந்தியத்தேவன் காதல்பற்றிப் பலரும் எழுதிவிட்டனர்.

எமது அக்கறை பூங்குழலி மீதே. கோடிக்கரையிலிருந்து வந்தியத்தேவனை ஈழத்துக்குக் கொண்டுவந்தது அவளது துடுப்பு. வீரர்தம் சாகசம் ஓர் உழைக்கும் பெண்ணின் தோள்வலியில் தங்கியிருப்பதைக் கல்கி கண்டார். எனினும் படகோட்டியாகவே அவளை நிறைவெய்தவிடக் கதை துணியவில்லை. சேந்தன் அமுதனுக்கு மனைவியாக்கிச் சோழ சிம்மாசனத்துக்கு உயர்த்திவிடுகிறது.

இறக்குவானைத் தோட்டத்து லயங்களில் வாழ்வோரின் முன்னோரும் தமிழகத்திலிருந்து கடல் கடந்தே வந்தனர். சோழர்காலக் கதையில் தேயிலைத் தொழிலாளியைத் தேடுதல் பொருந்தாது என்பர். ஆனால் அக்கடலை வீரர்களின் கடலாகவே வாசிக்கப் பழகிய எம் விமர்சனத்துக்கு அவ்விலக்கு உண்டா? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கிற்று. இந்நாவல் வாரந்தோறும் வெளிவந்த 1951இல், அவர்கள் தம் வதிவிடத்தை நிரூபிக்கும் பத்திரங்களோடு விண்ணப்பித்துக்கொண்டிருந்தனர். வந்தியத்தேவனுக்குக் குந்தவையின் ஓலை ஒன்றே போதுமாயிருந்தது. இவர்களுள் பெரும்பாலோரின் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன.