மென்பொருள் காப்புரிமையும் இயல்பறிவு என்னும் அளவுகோலும்

அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 103ஆம் பிரிவின்படி, ஒரு கண்டுபிடிப்பு புதியதாக இருந்தால் மட்டும் போதாது. அத்துறையில் சராசரித் திறன் பெற்றவருக்கு எளிதில் தோன்றக்கூடியதாகவும் அது இருக்கக் கூடாது. இதை அளக்கும் முறையை 1966இல் கிரகாம் எதிர் ஜான் டீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. முன்பே அறியப்பட்டவை எவை, அவற்றுக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு என்ன, அத்துறையினரின் சராசரித் திறன் எவ்வளவு என்பன அடிப்படைக் கேள்விகள்.

மென்பொருளில் இவற்றுக்கு விடை காண்பது கடினம். எடுத்துக்காட்டாக, ஒரு நிறுவல் நிரல், கணினியில் ஏற்கெனவே உள்ள கோப்புகளைச் சோதித்து, இல்லாதவற்றை மட்டும் படியெடுக்கிறது எனக் கொள்வோம். சோதித்தலும் படியெடுத்தலும் பழையவை. இரண்டையும் இணைப்பது கண்டுபிடிப்பாகுமா? விடையைப் பார்த்தபின் கணக்கைப் படிக்கும் மாணவருக்கு எல்லாம் எளிதாகவே தோன்றும். நீதிபதிகளுக்கும் இந்த ஆபத்து உண்டு.

2007ஆம் ஆண்டு வரை, பழைய நுட்பங்களை இணைக்கத் தூண்டும் குறிப்பு இருந்ததா என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றம் இறுக்கமாகக் கேட்டுவந்தது. கே.எஸ்.ஆர். எதிர் டெலிஃபிளெக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த இறுக்கத்தைத் தளர்த்தியது; சராசரித் திறனாளர் வெறும் இயந்திரம் அல்லர், அவருக்கும் இயல்பறிவு உண்டு என்றது. அவ்வழக்கு வாகனத்தின் முடுக்கி மிதியைப் பற்றியது. ஆயினும் அதன் தாக்கம் மென்பொருள் வழக்குகளிலும் தெரிந்தது.

பெர்ஃபெக்ட் வெப் எதிர் இன்ஃபோயுஎஸ்ஏ (2009) வழக்கில், குறித்த எண்ணிக்கையை எட்டும்வரை மொத்த மின்னஞ்சல் அனுப்பும் படிகளைத் திரும்பச் செய்வது இயல்பறிவே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அரெண்டி எதிர் ஆப்பிள் (2016) வழக்கில் அதே நீதிமன்றம் காப்புரிமை மேல்முறையீட்டு வாரியத்தின் முடிவை மாற்றியது. ஆவணத்தில் உள்ள தொலைபேசி எண்ணைக் கொண்டு தரவுத்தளத்தில் தேடும் படி பழைய ஆவணத்தில் இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப வாரியம் இயல்பறிவைத் துணைக்கழைத்தது. சான்றும் விளக்கமும் இன்றி அவ்வாறு செய்யக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம்.

இரு தீர்ப்புகளும் முரண்படுவதாகத் தோன்றினாலும் அடிப்படை ஒன்றே. முதல் வழக்கில் விடுபட்டது எளிய படி. அதற்குக் காரணமும் காட்டப்பட்டது. இரண்டாவதில் விடுபட்டதோ கண்டுபிடிப்பின் மையம். எனினும் ஒரு குறை உள்ளது: எந்தத் தொழில்நுட்பம் ‘எளியது’ என்பதற்குத் தெளிவான எல்லை இல்லை. நிறுவல் நிரல் போன்றவை இந்த எல்லைக்கோட்டிலேயே நிற்கின்றன. தவறான காப்புரிமை வழங்கப்பட்டால் அன்றாட நிரலாளர்கள் வழக்குக்கு ஆளாவர். சரியானது பறிக்கப்பட்டால் உழைத்தவர் இழப்பார். ஆகவே, ‘இது எளிது’ என்று சொல்பவர் ஏன் எளிது என்பதையும் எழுதிக்காட்ட வேண்டும் என்ற அரெண்டி தீர்ப்பின் கோரிக்கை இரு தரப்பினருக்கும் பாதுகாப்பாகும்.