பதிவேட்டில் இல்லாத சட்டங்கள்

சில நாட்களாக ஒரு தீர்ப்பைக் கையில் பென்சிலோடு படித்துக்கொண்டிருக்கிறேன். 2022 ஜூன் 23 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன புரூன் வழக்குத் தீர்ப்பு. நான் சட்டம் படித்தவன் இல்லை, புரோகிராம் எழுதிப் பிழைப்பவன். ஆனால் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் இதை ஒரு வரலாற்று ஆய்வாகத்தான் கட்டியிருக்கிறார். அதனால் ஆய்வாகவே வைத்துப் பார்க்கலாம்னு தோணுது.

முதலில் விவகாரம். நியூயார்க் மாநிலத்தில் கைத்துப்பாக்கிக்கு 1911 முதலே லைசென்ஸ் வேண்டும். அதை மறைத்து வெளியே எடுத்துப்போக 'தகுந்த காரணம்' காட்ட வேண்டும் என்ற விதி 1913-இல் வந்தது. தற்காப்புக்கு என்று பொதுவாகச் சொன்னால் போதாது. அடுத்தவரைவிட உங்களுக்கு என்ன தனி ஆபத்து என்று அதிகாரிக்குத் தோன்ற வைக்க வேண்டும். இந்த விதி செல்லாது என்றது நீதிமன்றம், 6-க்கு 3.

இதில் ஒரு நியாயம் இருக்கு. பேச்சுரிமையைப் பயன்படுத்த யாரும் அதிகாரியிடம் காரணம் சொல்வதில்லையே என்று தாமஸ் கேட்பது சரியான கேள்வி.

என் சிக்கல் அவர் தரும் சோதனையில்தான். துப்பாக்கிச் சட்டம் ஒன்று நிலைக்க வேண்டுமானால், அமெரிக்க மரபில் அதற்கு இணையான பழைய சட்டத்தை அரசு காட்ட வேண்டுமாம். சரி, காட்டினார்கள். இங்கிலாந்தின் 1328-ஆம் வருடச் சட்டமா? ரொம்பப் பழசு. டெக்சாஸின் 1871 சட்டமா? அது விதிவிலக்கு. மேற்குப் பிரதேசங்களின் தடைகளா? அங்கே ஜனம் குறைவு. 20-ஆம் நூற்றாண்டுச் சான்றா? ரொம்பப் புதுசு. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு காரணமும் ஒப்புக்கொள்ளக்கூடியதுதான். சேர்த்துப் பார்த்தால், எந்தச் சான்று வந்தாலும் திருப்பி அனுப்ப ஒரு காரணம் தயாராக இருக்கு.

இதைவிட அடிப்படையான பிழை ஒன்று உண்டு. எங்கள் தொழிலில் 'கிட் லாக்' என்று ஒன்று இருக்கு. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற பதிவு. ஒரு மாற்றம் அதில் இல்லையென்றால் அப்போது அதைச் செய்யவில்லை என்றுதான் அர்த்தம். செய்யக் கூடாது என்று முடிவெடுத்தார்கள் என்று அர்த்தமில்லை. 1783-இல் பாஸ்டனில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியை வீட்டில் வைக்கத் தடை வந்தது. வீடு தீப்பிடித்தால், அணைக்க வருகிறவர்களுக்கு ஆபத்து என்பதால். கண்முன் இருந்த ஆபத்துக்குச் சட்டம் போட்டார்கள், அவ்வளவுதான்.

இது வெறும் முறையியல் சண்டை இல்லை. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடை உத்தரவு பெற்றவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது 1994-இல் வந்த மத்தியச் சட்டம். 2023-இல் ரஹிமி வழக்கில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், இணையான பழைய சட்டம் இல்லை என்று அதை ரத்து செய்தது. இருக்காதுதான்! மனைவியை அடிப்பதை அன்றைய சட்டம் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை. அந்தச் சட்டங்களை எழுதியவர்களைத் தேர்ந்தெடுக்க அந்தப் பெண்களுக்கு ஓட்டும் இல்லை. அன்றைய அலட்சியம் இன்றைக்கு அடித்தவனுக்குச் சாதகமான ஆதாரமாகிவிட்டது.

2024-இல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று அதைத் திருத்தியது. பழைய சட்டம் அச்சு அசலாக இருக்க வேண்டாம், அதன் கொள்கை ஒத்துப்போனால் போதும் என்றது. ஆனால் சோதனையை நீக்கவில்லை. மாறுபட்ட அந்த ஒருவர் யார் தெரியுமா? தாமஸ். தன் சோதனையை அவர் கடைசிவரை நேர்மையாகத்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறார். வந்த விடையைப் பார்த்தாவது சோதனையைச் சந்தேகப்பட்டிருக்கலாம்.