சீகன்பால்கு கண்ட 'மலபார்' நாடு

ஐரோப்பியப் பாதிரிமாரின் எழுத்துக்களைத் தமிழாய்வாளர் இருவகையாகக் கையாண்டு வந்துள்ளனர். ஒரு சாரார் அவற்றைத் தமிழின் பெருமைக்குக் கிடைத்த நற்சான்றுப் பத்திரங்களாகக் கொள்வர். மறுசாரார் குடியேற்ற ஆதிக்கத்தின் கருவிகளெனக் கூறி ஒதுக்குவர். இரு சாராரும் அவ்வெழுத்துக்களை முழுமையாகப் படிக்கும் சிரமத்தைப் பெரும்பாலும் மேற்கொள்வதில்லை. பார்த்தலோமேயு சீகன்பால்குவுக்கு (1682-1719) நேர்ந்ததும் இதுவே. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர், தரங்கம்பாடியில் அச்சகம் நிறுவியவர் என்ற இரண்டொரு செய்திகளுக்கு அப்பால், தாம் வந்து சேர்ந்த நாட்டைப் பற்றிய அவரது எண்ணம் எவ்வாறு மாறியது, அம்மாற்றம் எதுவரை சென்றது, எங்கே நின்றது என்பன போதிய அளவு ஆராயப்படவில்லை.

ஜேர்மனியின் சக்சனிப் பகுதியிற் பிறந்த சீகன்பால்கு, டென்மார்க்கு மன்னன் நான்காம் பிரெடெரிக்கினால் அனுப்பப்பெற்று, புளுட்சோ என்பாருடன் 1706 யூலை 9ஆந் திகதி தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது ஏறக்குறைய 24. ஐரோப்பியர் அந்நாளில் தமிழரை 'மலபாரிகள்' என அழைத்தனர். கல்வியும் ஒழுங்கும் அற்ற காட்டுமிராண்டி மக்கள் என்பதே அவர்களைப் பற்றி அங்கு நிலவிய பொதுக் கருத்து. சீகன்பால்குவும் அக்கருத்துடனேயே கப்பலேறினார். இம்மக்களின் மொழிக்கு இலக்கணம் இருக்கக்கூடும் என்றோ, அவர்தம் வாழ்வுக்கு நீதிமுறைகள் இருக்கக்கூடும் என்றோ தாம் தொடக்கத்தில் எண்ணவில்லை என அவரே பின்னர் ஒப்புக்கொள்கிறார். மொழி தெரியவந்ததும் அவ்வெண்ணம் தகர்ந்தது. இரண்டே ஆண்டுகளில், அதாவது 1708இல், தாம் திரட்டிய தமிழ் நூல்களுக்கு விளக்கக் குறிப்புடன் கூடிய பட்டியல் ஒன்றை அவர் தயாரித்தார். அதில் இந்து ஆசிரியர்களின் நூல்களை மட்டும் கொண்ட பகுதியில் 119 பதிவுகள் உள்ளன. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜேர்மன் மொழியில் பெயர்த்தார்.

இம்மனமாற்றத்தை நேர்மையான உள்ளம் ஒன்றின் கண்திறப்பாக மட்டும் காண்பது போதாது. எந்த வழியால் வந்த மாற்றம் என்பதே முதலில் நோக்கத்தக்கது. சீகன்பால்கு தமிழ் பயின்றது திண்ணைப்பள்ளி முறையிலாகும். முதியவரான ஆசிரியர் ஒருவரைத் தருவித்து, சிறுவர்களோடு சிறுவராக அமர்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார். பல மொழிகள் அறிந்த அழகப்பன் என்பவர் அவருக்கு மொழிபெயர்ப்பாளராக அமைந்தார். ஏடுகளை எழுதுவோரை உள்நாட்டுக்கு அனுப்பி, இறந்துபோன பிராமணர்களின் கைம்பெண்களிடமிருந்து சுவடிகளைக் குறைந்த விலைக்கு வாங்கியதையும் அவரே குறிப்பிடுகிறார். (அந்தச் சுவடிகள் எந்த நெருக்கடியில் விற்கப்பட்டன என்பதைப் பற்றி அவர் எதுவுங் கூறவில்லை.) ஆகவே அவர் கண்ட தமிழிலக்கியம் பெரிதும் பள்ளிச் சிறுவர் மனனஞ் செய்த இலக்கியமாகும், நீதிநூல்கள் அதன் முன்வரிசையில் நின்றன. திருக்குறளும் சிவவாக்கியமும் அவர் கைக்கு எட்டின. சிவவாக்கியரின் உருவவழிபாட்டு எதிர்ப்பு லுத்தரன் போதகர் ஒருவருக்கு எத்துணை உவப்பாய் இருந்திருக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை. அவரது பிற்கால நூல்கள் இரண்டிலும் சிவவாக்கியர் மீண்டும் மீண்டும் சாட்சிக்கு அழைக்கப்படுகிறார். தமிழர் ஒழுக்கநெறி உடையவர், அறிவுடையோர் ஒருகடவுட் கொள்கையினர் என்ற அவரது புதிய சித்திரம் இத்தகைய நூல்களால் ஆனது. முன்னைய சித்திரம் கேள்வியால் உருவானது. இது வாசிப்பால் உருவானது. எனினும் இதுவும் ஒரு தெரிவின் விளைவே.

அவர் யாருக்காக எழுதினார் என்பது அடுத்து எழும் வினா. ஹாலே நகரின் பியற்றிச இயக்கத்தில் வளர்ந்த சீகன்பால்குவுக்குப் பெயரளவிற் கிறித்தவராய் வாழ்ந்த ஐரோப்பியரே பெருங்கவலையாக இருந்தனர். திருவெளிப்பாட்டை அறியாத மக்கள் இயற்கையறிவு ஒன்றைக் கொண்டே இத்துணை ஒழுக்கமாய் வாழ்வரேல், வேதத்தைக் கையில் வைத்திருக்கும் ஜேர்மானியர் வெட்கப்படவேண்டாமா என்பது அவரது வாதத்தின் உள்நாதம். தமிழரின் புகழ் இங்கு ஐரோப்பியரைத் திருத்தும் பிரம்பாகப் பயன்படுகிறது. தரங்கம்பாடிக் கோட்டையிலிருந்த ஐரோப்பியரின் குடியும் நெறிகேடும் கண்டு தமிழர் கிறித்தவத்தையே இழிவாக மதித்தனர் என அவர் பதிவுசெய்வதும் இந்நோக்கிலேயே பொருந்துகிறது. தவறான மதிப்பீடு ஒருவழிப்பட்டதாக இருக்கவில்லை என்பதற்கு அவ்வெழுத்துக்களே சான்று. தேனியக் கொம்பனியின் ஆளுநர் ஹாசியஸ் 1708 இறுதியிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதம் அவரைச் சிறையில் இட்டதையும் எண்ணிப்பார்த்தால், தம்மினத்தாரைக் குறித்த அவரது கசப்பு நூலறிவால் மட்டும் வந்ததன்று என்பது தெளிவாகும்.

இவ்விடத்தில் 1713ஆம் ஆண்டு தனிக் கவனத்துக்குரியது. அவ்வாண்டிலேயே அவர் தமது சிறந்த ஆக்கமான 'மலபார்த் தெய்வங்களின் வமிசவரலாறு' என்னும் நூலை ஜேர்மன் மொழியில் முடித்தார். பராபரவஸ்து, மும்மூர்த்திகள், கிராமதேவதைகள், தேவர்கள் என நான்கு பகுதிகளாக அமைந்த அந்நூலில் ஐயனார், மாரியம்மன், பிடாரி, அங்காளம்மன் முதலிய ஊர்த் தெய்வங்களுக்குத் தனிப்பகுதி ஒதுக்கப்பட்டிருப்பது வியப்புக்குரியது. புலவர் மரபு கண்டுகொள்ளாத மக்கள் வழிபாட்டைப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இவ்வளவு விரிவாக எழுதியமைக்காக நாட்டாரியல் ஆய்வாளர் அவருக்குக் கடமைப்பட்டுள்ளனர். ஆயின் அதே 1713இல், ஹாலேயிலிருந்து வந்திறங்கிய தமிழ் அச்செழுத்துக்களைக் கொண்டு, தமிழருக்கென அவர் அச்சிட்ட சிறு நூல் 'அக்கியானம்' பற்றியது. தமிழரின் வழிபாடு அருவருப்பானது எனக் கூறி அதைக் கைவிடுமாறு கோருவது. ஜேர்மன் வாசகனுக்கு ஞானிகளாகக் காட்டப்பட்டோரின் நாட்டவர் தமிழ் வாசகனாக நிற்கும்பொழுது அக்கியானிகளாகின்றனர்.

இதனை இரட்டைவேடம் என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் இருநூல்களின் இறையியல் அடிப்படை ஒன்றே: இயற்கையறிவின் ஒளி எல்லா மக்களுக்கும் உண்டு, மீட்புக்கு அது போதாது. போதும் என்ற பகுதி ஐரோப்பாவுக்கும் போதாது என்ற பகுதி தரங்கம்பாடிக்கும் அனுப்பப்பட்டன. எனவே நாட்டைப் பற்றிய அவர் கருத்து மாறியதே தவிர, அந்நாட்டுக்கு வந்த காரணம் பற்றிய கருத்து மாறவில்லை. அவரது எழுத்தின் உயிர்த்துடிப்பும் அதன் எல்லையும் இம்முரணிலேயே தங்கியுள்ளன. இம்முரணை மறைத்து அவரைத் 'தமிழ்க் காதலர்' ஆக்கும் மேடைப் பேச்சுக்கள் அவருக்கே நியாயஞ் செய்வதில்லை.

அவரது மனமாற்றம் ஐரோப்பாவை எவ்வளவு எட்டிற்று? அவரது முதற் கடிதங்கள் 1708இலேயே பேர்லினில் அச்சேறின. 1709இல் ஆங்கிலத்திலும் வந்தன. மதமாற்றச் செய்திகளைத் தாங்கிய ஹாலே அறிக்கைகள் தொடர்ந்து வெளிவந்தன. ஆனால் 'வமிசவரலாறு' ஹாலேயிற் கிடப்பிலே போடப்பட்டது. அக்கியானத்தை வேரறுக்கவே போதகர் அனுப்பப்பட்டனர், அதனை ஐரோப்பாவிற் பரப்புதற்கன்று என்பது அங்கு தலைமை வகித்த பிராங்கேயின் நிலைப்பாடு எனக் கூறப்படுகிறது. 1867இலே தான், 154 ஆண்டுகள் கழித்து, ஜேர்மான் என்பாரால் அது சென்னையில் அச்சிடப்பட்டது. 1711இல் எழுதப்பட்ட 'மலபார் அக்கியானம்' 1926இலும், நீதிநூல்களின் மொழிபெயர்ப்பு 1930இலும் கலண்டின் பதிப்புகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தன. இடையில் லா குரோஸ் 1724இல் வெளியிட்ட இந்தியக் கிறித்தவ வரலாற்றிற் கையெழுத்துப் பிரதியொன்றைப் பயன்படுத்தியமை ஒன்றே குறிப்பிடத்தக்க விலக்கு. பயணத்தால் ஒருவரின் கருத்து மாறலாம். அவரை அனுப்பிய நிறுவனம் அம்மாற்றத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டவும் முடியும்.

மொழிநடை பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. தரங்கம்பாடி வேதப்புத்தகத்தின் தமிழை வீரமாமுனிவர் எள்ளி நகையாடியமை அறிந்ததே. அவ்வெள்ளலிற் சபைப்பூசல் கலந்திருப்பினும் முற்றும் பொய்யென்பதற்கில்லை.

அவருடைய எழுத்துக்களினும் இன்று பெருமதிப்புக்குரியவை, அவரும் கிருண்ட்லரும் அனுப்பிய வினாக்களுக்கு 1712-1714 காலப்பகுதியில் தமிழர் எழுதிய விடைகளாகும். 'மலபார்க் கடிதங்கள்' எனப்படும் இவை 99. முதற்பகுதி 55 கடிதங்களாக 1714இலும், எஞ்சிய 44ம் 1717இலும் ஹாலே அறிக்கைகளில் இடம்பெற்றன. இங்கே தமிழர் விவரிக்கப்படும் பொருளாக நில்லாது விடையளிப்போராகின்றனர். தம் சமயத்தை விளக்குகின்றனர், கிறித்தவர் மீது குறையுங் கூறுகின்றனர். ஆயினும் அச்சில் வந்தவை ஜேர்மன் மொழிபெயர்ப்புகளே. அடிக்குறிப்புகளில் போதகர் மறுப்புரைத்துக்கொண்டே செல்கின்றனர். எழுதியோரின் பெயர்கள் தரப்படவில்லை. அவற்றுட் பெரும்பகுதி அழகப்பனால் எழுதப்பட்டிருக்கலாம் என்ற கருத்து ஆய்வாளரிடையே உண்டு. அவ்வாறாயின், ஐரோப்பா அறிந்த 'மலபார்' குரல்களிற் பல, ஒரு போதகரின் பார்வையைத் திருத்தியமைத்த அந்த மொழிபெயர்ப்பாளரின் ஒற்றைக் குரலே ஆகும்.