கெப்பெட்டிபொலவின் கல்லறை

வீரன் ஒருவன் போரில் வீழ்ந்தால் அவனுக்குக் கல் நாட்டி வழிபடுதல் பழந்தமிழர் மரபு. காட்சி முதல் வாழ்த்து ஈறாக அதனை ஆறு நிலைகளாக வகுத்துரைக்கின்றது தொல்காப்பியம். யார் வீழ்ந்தான், எதன்பொருட்டு வீழ்ந்தான் என்னும் இரு வினாக்களுக்கும் விடை கூறுவதே நல்ல நினைவுக்கல்லின் இலக்கணம் எனலாம். மாத்தளை மண் தன் மைந்தன் எனப் போற்றும் மொனரவில கெப்பெட்டிபொல திசாவையை நாம் நினைவுகூரும் முறையை இவ்வளவுகோல் கொண்டு நோக்குதல் தகும்.

வரலாறு யாவரும் அறிந்ததே. 1817 இல் ஊவா வெல்லசவில் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, அதனை அடக்குமாறு பிரித்தானிய ஆட்சி அனுப்பிய திசாவை அவர். சென்றவர் கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார். ஆட்சியாளர் தந்த படைக்கலங்களை அவர்களுக்கே திருப்பியனுப்பினார். 1818 நவம்பர் 26 இல் கண்டியில் அவர் தலை கொய்யப்பட்டது. படை மருத்துவர் ஹென்றி மார்ஷல் அம்மண்டையோட்டை எடுத்துச்சென்று, எடின்பரோ நகரில் மண்டையோட்டின் வடிவைக் கொண்டு மனிதரின் குணத்தைக் கணிக்க முயன்ற சங்கத்திற்கு அளித்தார். 1954 இலேயே அது தாயகம் மீண்டு, கண்டியில் தலதா மாளிகைக்கு எதிரே அடக்கம் பெற்றது. இடையில் 136 ஆண்டுகள் அவருக்குக் கல்லறை இல்லை. அவர் தலை காட்சிப்பொருளாய் இருந்தது.

கிளர்ச்சி வென்றிருப்பின் இம்மனிதர் துரோகியெனப்படாது தேசபக்தரெனப் போற்றப்பட்டிருப்பார் என்ற கருத்தை எழுதிவைத்தவரும் அதே மார்ஷலே. உண்மையை உணர்ந்தும் தலையைக் கவர்ந்துசெல்லத் தயங்காத அறிவு, அடிமைப்படுத்தும் ஆட்சிக்கு ஊழியம் செய்யும் அறிவேயாம்.

ஆயினும் நமது போற்றுதலிலும் குறைகள் உள. முதலாவது, அவரைப் பிறவியிலேயே விடுதலை வீரராகச் சித்திரிப்பது. 1815 மார்ச் 2 இல் கண்டி இராச்சியத்தைப் பிரித்தானிய முடிக்கு ஒப்புவித்த உடன்படிக்கையில் ஒப்பமிட்ட பிரதானிகளுள் அவரும் ஒருவர். பிரபுக்களின் உரிமை பறிபோன மனக்குறை அவ்வெழுச்சியில் கலந்திருந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது. இவற்றைக் கூறுவதால் அவர் பெருமை குன்றாது. ஆள்வோர் பக்கம் நின்றவர் ஆளப்படுவோர் பக்கம் வந்து சேர்ந்தாரே, அத்திருப்பமே அவர் பெருமை.

இரண்டாவது, அவரை ஓர் இனத்தின் தனியுடைமையாக்குவது. அன்று கிளர்ச்சியாளர் மன்னராக ஏற்ற வில்பாவே, தம்மை நாயக்க அரச குலத்துத் துரைசாமி என்றே அறிவித்திருந்தார். தென்னிந்தியத் தொடர்புடைய பெயரொன்றின் கீழ்ச் சிங்கள உழவர் அணிதிரண்டனர் என்பதன்றோ இதன் பொருள்! கல்லறையின் முன் ஆற்றப்படும் உரைகளில் இதனைக் கேட்பது அரிது.

கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது ஊர்கள் எரிந்தன, பயிர்கள் அழிக்கப்பட்டன. பின்னர், 1840 ஆம் ஆண்டின் முடிக்காணிச் சட்டம், உரிமையை நிலைநாட்ட இயலாத காட்டையும் தரிசையும் அரசுடைமையாகக் கருதிற்று. அந்நிலங்களிற் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் உழைக்கத் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னாரில் இறங்கி, காடுகளினூடே தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோருக்குக் கல்லுமில்லை, பெயருமில்லை. நிலத்தை இழந்த சிங்களக் குடியானவனையும் உயிரை இழந்த தமிழ்த் தொழிலாளியையும் வருத்திய ஆட்சி ஒன்றே.

மாத்தளைத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவன், "இவர் நமக்கு யார்?" என்று வினவினால் ஆசிரியராகிய நாம் யாது கூறுவோம்? பாடநூலின் இரண்டு வரிகள் அதற்குப் போதா. உன் பாட்டன் நடந்த பாதையைத் திறந்த ஆட்சியை, அவனுக்கு முன்னரே எதிர்த்து மாண்டவர் என்று கூறுவோம். அவ்வாறே, அப்பாதையில் வீழ்ந்தவர்களைப் பற்றிச் சிங்கள மாணவனும் அறியுமாறு செய்தல் வேண்டும். இரு மாணவரும் ஒருங்கே சென்று வணங்கும் நாளிலேயே அக்கல்லறை மக்களின் நடுகல்லாகும்.